தொழுநோய் குணமாகிவிட்டது, வாழ்க்கை?

ஒவ்வொரு ஜனவரி 30 அன்றும், காந்தி நினைவு நாளை ஒட்டி, தொழுநோய் எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கும் படங்கள் செய்திகளில் வரும். கூடவே இரண்டு தகவல்களும் வரும். இந்தியா 2005 டிசம்பரிலேயே தொழுநோயை ஒழித்துவிட்டது என்பது ஒன்று. இந்தியாவில் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறது, உலகத்தின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒருசேரப் படிப்பவர் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒழித்த நோய் எப்படி வருடாவருடம் லட்சம் பேருக்கு வரும்?

இரண்டுமே உண்மைதான், குழப்பம் எண்ணும் முறையில் இருக்கிறது. அந்த முறையைப் புரிந்துகொண்டால் அதைவிடப் பெரிய இன்னொரு விஷயமும் கண்ணில் படும்: மருந்து முடிந்த அன்றே அந்த மனிதர் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிடுகிறார், ஆனால் அவருடைய கை, கால், கண், வேலை, கல்யாணம் எல்லாவற்றிலும் நோய் விட்டுச்சென்றது அப்படியே இருக்கிறது. அதை அளக்க முயல்வதுதான் 'வாழ்க்கைத் தரம்' என்ற கணக்கு. அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'ஒழிப்பு' என்ற சொல் செய்த குழப்பம்

உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கு, "பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிப்பது". அதற்கு ஓர் எண் வைத்தார்கள்: 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக. யார் அந்த ஒருவர்? ஒரு குறிப்பிட்ட நாளில் சிகிச்சைப் பதிவேட்டில் பெயர் இருப்பவர். நோயின் பாதிப்போடு வாழ்பவர்கள் எல்லோரும் இதில் வரமாட்டார்கள்.

இதன் விளைவைப் பாருங்கள்.

1. பழைய காலத்தில் டாப்சோன் என்ற ஒரே மாத்திரையைப் பல வருடங்கள், சிலர் ஆயுள் முழுக்கச் சாப்பிட்டார்கள். அத்தனை வருடமும் பெயர் பதிவேட்டிலேயே இருந்தது.

2. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் ஆகிய மருந்துகள் சேர்ந்தது. கிருமி குறைவாக உள்ள வகைக்கு 6 மாதம். கிருமி அதிகமுள்ள வகைக்கு முதலில் 24 மாதம் கொடுத்தார்கள், 1990களின் இறுதியில் அது 12 மாதமாகக் குறைந்தது.

3. சிகிச்சைக் காலம் சுருங்கச் சுருங்க ஒரே நேரத்தில் பதிவேட்டில் இருப்பவர்கள் எண்ணிக்கையும் சுருங்கும். வருடத்துக்கு அதே அளவு புதியவர்கள் வந்தாலும் சுருங்கும்.

இந்தியாவில் 1983இல் 10,000 பேருக்கு 57.8 என்று இருந்தது 2005 டிசம்பரில் 0.95 ஆனது. இதை வெறும் கணக்கு வித்தை என்று நான் சொல்லமாட்டேன். கூட்டு மருந்து உண்மையாகவே கோடிக்கும் மேற்பட்டவர்களைக் குணப்படுத்தியிருக்கிறது, அது பெரிய சாதனை. ஆனால் 'ஒழிந்துவிட்டது' என்ற சொல்லை மக்கள் பெரியம்மை ஒழிந்ததுபோலப் புரிந்துகொண்டார்கள். 2023இல் மட்டும் உலகில் சுமார் 1.8 லட்சம் புதிய நோயாளிகள், அதில் இந்தியாவில் 1.07 லட்சம் பேர். இலங்கை இந்த எல்லையை 1995லேயே எட்டியது, அங்கேயும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் புதிதாக வருகிறார்கள்.

இது தவிர, ஏற்கெனவே குணமாகி, ஊனத்தோடு வாழ்பவர்கள் உலகம் முழுக்க 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை இருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். பதிவேட்டைப் பொறுத்தவரை அவர்கள் நோயாளிகள் இல்லை. சரிதான், உடம்பில் கிருமி இல்லைதான். அப்படியானால் அவர்களுக்கு என்னதான் பிரச்சினை?

பிரச்சினை தோலில் இல்லை, நரம்பில்

தொழுநோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டுபிடித்தார். சாபம், பாவம், பரம்பரை வியாதி என்ற பேச்சுக்கெல்லாம் அன்றே முற்றுப்புள்ளி விழுந்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. உடம்புக்குள் போன பிறகும் அது மிக மெதுவாகத்தான் பெருகும், அறிகுறி தெரிய சராசரியாக 5 வருடம், சிலருக்கு 20 வருடம்கூட ஆகலாம். சிகிச்சை தொடங்கிய சில நாள்களிலேயே மற்றவர்களுக்குப் பரப்பும் தன்மை போய்விடும்.

வெளியே தெரிவது உணர்ச்சியற்ற தேமல். உள்ளே அடிபடுவது நரம்பு. முக்கியமாக மூன்று இடங்கள்:

1. முழங்கை முட்டியின் உள்பக்கம் ஓடும் நரம்பு. கதவில் இடித்தால் சுண்டுவிரல்வரை சுள்ளென்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்குமே, அதுதான். இது பழுதானால் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்து, உள்பக்கம் மடங்கிவிடும்.

2. கால் நரம்புகள். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் ஓடுவது கெட்டால் பாதம் தொங்கும், கணுக்காலின் உள்பக்கம் ஓடுவது கெட்டால் உள்ளங்கால் மரத்துப்போகும்.

3. முக நரம்பு. இது அடிபட்டால் கண் இமை முழுதாக மூடாது, தூங்கும்போதும் கண் திறந்தே இருக்கும்.

மாத்திரை கிருமியைக் கொல்லும். செத்த நரம்பை அது உயிர்ப்பிக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. இறந்த கிருமிகளின் மிச்சத்துக்கு எதிராக உடம்பின் எதிர்ப்புச் சக்தி திடீரென்று கிளம்பி, தேமல் சிவந்து வீங்கி, நரம்பு வலியெடுக்கும். 'லெப்ரா ரியாக்‌ஷன்' என்று சொல்வார்கள். மாத்திரை சாப்பிடும்போதும் வரலாம், முடித்துச் சில வருடங்கள் கழித்தும் வரலாம். இந்த நேரத்தில் பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால், அதாவது நரம்பு பழுதான 6 மாதத்துக்குள் தொடங்கினால், நரம்பைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. தாமதித்தால் ஊனம் நிலைத்துவிடும். "நோய்தான் முடிந்துவிட்டதே" என்று வீட்டிலேயே இருப்பவர்கள் இங்கேதான் கையை இழக்கிறார்கள்.

விரல் எப்படிக் குறைகிறது?

தொழுநோயால் விரல்கள் அழுகி விழும் என்று இன்னும் நம்புகிறார்கள். இதைப் பொய் என்று காட்டிய வேலை நடந்தது நம் வேலூரில். 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், மடங்கிய விரல்களை நிமிர்த்த வேறு தசையின் தசைநாணை எடுத்துப் பொருத்தும் சிகிச்சையைத் தொடங்கினார். நிமிர்த்திய கைகளிலும் புதுப்புண் வந்துகொண்டே இருந்தது. ஏன் என்று ஒவ்வொரு புண்ணாகத் தேடிப் பார்த்தார்கள். சூடான பாத்திரத்தைப் பிடித்தது, கதவுப் பூட்டில் சாவியை வலுவாகத் திருகியது, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. சிலருக்கு இரவில் தூங்கும்போதே விரலில் சதை போயிருந்தது. எலி கடித்திருக்கிறது, உணர்ச்சி இல்லாததால் விழிப்பே வரவில்லை. அப்புறம் வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

வலி என்ற எச்சரிக்கை போனதுதான் விரலைக் குறைக்கிறது. உள்ளங்காலில் குத்திய முள், செருப்புக்குள் சிக்கிய கல், எதுவும் தெரியாது. அதே இடத்தில் மாலைவரை மிதித்து நடப்பார்கள். அது புண்ணாகி, புண் ஆழமாகி எலும்பைத் தொட்டு, எலும்பு கரையத் தொடங்கும். எனவே குணமான ஒருவரின் ஒவ்வொரு நாளும் கண்ணால் காலைக் காப்பாற்றும் நாளாகிவிடுகிறது: தினமும் கால்களைத் தண்ணீரில் ஊறவைக்கணும், காய்ப்பைத் தேய்க்கணும், எண்ணெய் தடவணும், கண்ணாடி வைத்து அடிப்பாதத்தைப் பார்க்கணும். நாள் முழுக்க வயலில் நின்று கூலிவேலை செய்பவரிடம் இதைத் தினமும் செய்யச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

வாழ்க்கைத் தரம் என்று எதைச் சொல்கிறார்கள்?

அன்றாடப் பேச்சில் வாழ்க்கைத் தரம் என்றால் வசதி, வருமானம். சுகாதாரத் துறையில் அதற்குப் பொருள் வேறு. ஒருவர் தான் வாழும் பண்பாட்டுக்குள், தன் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்து, தன் வாழ்க்கையைத் தானே எப்படிப் பார்க்கிறார் என்பதுதான் அது. மருத்துவர் மதிப்பிடுவது கிடையாது, வாழ்பவர் சொல்ல வேண்டும்.

இதை அளக்க உலக சுகாதார நிறுவனம் 1990களில் ஒரு கேள்வித்தாளை உருவாக்கியது. ஒரே நாட்டில் எழுதி மற்ற நாடுகளுக்கு மொழிபெயர்க்காமல் பல நாடுகளில் ஒரே சமயத்தில் உருவாக்கினார்கள், தொடக்கத்தில் இருந்த 15 மையங்களில் சென்னையும் ஒன்று. முதலில் 100 கேள்விகள். பிறகு வந்த சுருக்க வடிவத்தில் 26. முதல் இரண்டு பொதுக் கேள்விகள், மீதி 24 கேள்விகள் நான்கு பகுதிகளில்:

1. உடல்: 7 கேள்விகள். வலி, தூக்கம், நடமாட்டம், வேலை செய்யும் திறன்.
2. மனம்: 6 கேள்விகள். தன்னைப் பற்றிய திருப்தி, சோர்வு, தன் தோற்றத்தை ஏற்றுக்கொள்ள முடிகிறதா என்பது.
3. உறவு: 3 கேள்விகள். நெருங்கியவர்கள், தாம்பத்தியம், நண்பர்களின் துணை.
4. சூழல்: 8 கேள்விகள். பணம், வீடு, பாதுகாப்பு, போக்குவரத்து, மருத்துவ வசதி.

உறவுக்கு வெறும் 3 கேள்விதான் என்பதைக் கவனியுங்கள். தொழுநோயில் அடி பலமாக விழும் இடம் அதுதான், அந்த இடத்தில் இந்தக் கேள்வித்தாள் மெலிந்து கிடக்கிறது. அதனால் தொழுநோய் ஆய்வுகளில் இதோடு வேறு இரண்டையும் சேர்த்துக் கேட்பதுண்டு. 20 கேள்விகள் கொண்ட சால்சா அளவுகோல் அன்றாட வேலைகளைக் கேட்கிறது: நகம் வெட்ட முடிகிறதா, சமைக்க முடிகிறதா, நாணயத்தை எடுக்க முடிகிறதா, காயத்துக்குப் பயந்து எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள். 18 கேள்விகள் கொண்ட பங்கேற்பு அளவுகோல் ஊரோடு உள்ள உறவைக் கேட்கிறது: திருவிழாவுக்குப் போகிறீர்களா, மற்றவர்களுக்குக் கிடைக்கிற மாதிரி வேலை கிடைக்கிறதா, ஊரில் மரியாதை இருக்கிறதா. அதில் ஒரு கேள்வி, "நீங்கள் சாப்பிடும் பாத்திரங்கள் வீட்டில் மற்றவர்களுடைய பாத்திரங்களோடு சேர்த்து வைக்கப்படுகின்றனவா?" தனித் தட்டு, தனி டம்ளர் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த ஒரு கேள்வி எந்த மருத்துவப் பரிசோதனையும் சொல்லாததைச் சொல்லிவிடும்.

நான்கு பகுதிகளிலும் என்ன நடக்கிறது?

உடலைப் பற்றி மேலேயே பார்த்துவிட்டோம். சேர்க்க வேண்டியது ஒன்று: உணர்ச்சி போன இடத்திலேயே எரிச்சலும் குத்தலும் வரும் நரம்பு வலி சிலருக்குச் சிகிச்சை முடிந்தும் நீடிக்கிறது. மரத்துப்போன கையில் எப்படி வலிக்கும் என்று வீட்டில் உள்ளவர்களே நம்புவதில்லை.

மனம். குளோஃபசிமின் மாத்திரை தோலைக் கறுக்க வைக்கும். நிறுத்திய பிறகு மெல்ல மெல்லப் பழைய நிறம் திரும்பும், ஆனால் அந்த ஒரு வருடம் "என்ன இப்படிக் கறுத்துட்டே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உண்மையைச் சொல்ல முடியாது. மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பது, உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தை விட்டுவிட்டு யாரும் தெரியாத ஊருக்குப் பேருந்து ஏறிப் போவது எல்லாம் இதனால்தான். ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம், நிஜமாக ஒதுக்கப்படுவதற்கு முன்பே ஆளை ஒடுக்கிவிடுகிறது. 2007இல் வெளியான வங்கதேச ஆய்வு ஒன்று உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாளை வைத்துத் தொழுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தையும் மனநலத்தையும் பொதுமக்களோடு ஒப்பிட்டது. ஊனம், குறைந்த வருமானம், குறைந்த படிப்பு எல்லாமே மதிப்பெண்ணைக் குறைத்தன, ஆனால் எல்லாவற்றையும்விட அதிகத் தொடர்போடு இருந்தது களங்க உணர்வுதான்.

உறவு. கையால் சோறு பிசைந்து சாப்பிடும் ஊரில் விரல் மடங்குவது என்றால் என்ன? கல்யாணப் பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் பார்வை கைமேல் விழும். சோற்றை விரல்நுனியில் திரட்ட முடியாது, உள்ளங்கையில் அள்ள வேண்டும், ரசம் வழியும். அதற்குப் பயந்தே பந்திக்குப் போகாமல் மொய்யை மட்டும் யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடுகிறவர் உண்டு. கோயில் பிரகாரத்தில் செருப்பில்லாமல் நடந்தால் மத்தியானக் கல் சுடுவது தெரியாது, பாதம் கொப்பளித்த பிறகு வீட்டில்தான் பார்ப்பார். அரசு இலவசமாகத் தரும் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற நுண்ணறை ரப்பர் வைத்த செருப்பு, காலைக் காப்பாற்றும். ஆனால் பழைய மாதிரிகள் எல்லாம் ஒரே அச்சில் இருந்ததால், செருப்பைப் பார்த்தே இன்ன நோய் என்று ஊர் கண்டுபிடித்துவிடும் என்று போடாமல் வைத்துவிட்டவர்கள் அநேகம். கால் புண் ஆறாததற்கு மருத்துவக் குறிப்பேட்டில் "காலணி அணிவதில்லை" என்று காரணம் எழுதியிருக்கும், ஏன் அணிவதில்லை என்பது அதில் இருக்காது.

குடும்பமும் இதில் மாட்டிக்கொள்கிறது. வீட்டைவிட்டு வெளியேறியவர்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட தொழுநோயாளர் குடியிருப்புகள் இந்தியாவில் சுமார் 750 இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நோய் இல்லை, முகவரி மட்டும் இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் பெண் பார்க்க வரும்போதும் அந்த முகவரியே பேசிவிடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. குடியிருப்பில் வாழும் ஒருவர் உறவுக் கேள்விகளுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கக்கூடும், ஏனென்றால் அங்கே சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் அதே வலியை அறிந்தவர்கள். அதை வைத்து "திருப்தியாக இருக்கிறார்கள்" என்று எழுதிவிடக் கூடாது. குடியிருப்பின் வாசலைத் தாண்டினால் என்ன ஆகிறது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

சூழல். பேனா பிடிக்க முடியாத கை, விரல்ரேகை இல்லாத கை, இந்த இரண்டும் இன்றைய நாளில் பெரிய தடை. ரேஷன் கடைக் கருவி விரலைக் கேட்கிறது, உதவித்தொகைக்கு ஆதார் கேட்கிறது. விரல் இல்லாதவர்களுக்குக் கருவிழிப் பதிவு, அதுவும் முடியாதவர்களுக்கு விதிவிலக்குப் பதிவு என்று ஆதார் விதிகளில் வழி இருக்கிறது. ஆனால் இமை மூடாமல் விழி வெண்படலம் பூத்தவருக்குக் கருவிழிப் பதிவும் சிரமம். கையைக் கெடுத்த அதே நோய் கண்ணையும் கெடுத்திருக்கிறது. விதிவிலக்கு உண்டு என்பது கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

சட்டம் எங்கே நிற்கிறது?

சுருக்கமாக, வரிசைப்படி:

1. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளிகள் சட்டம், பிச்சை எடுக்கும் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்தது. நாடாளுமன்றம் இதை நீக்கியது 2016இல்.

2. 2008இல் ஒடிசாவின் நகராட்சிச் சட்ட வழக்கில், தொழுநோய் உள்ளவர் தேர்தலில் நிற்கத் தடை விதித்த பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதே தீர்ப்பில், இந்தப் பிரிவு இன்னும் தேவையா என்று சட்டமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது.

3. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகத் 'தொழுநோயிலிருந்து குணமானவர்' இடம்பெற்றது. வேலை இட ஒதுக்கீட்டுக்கும் தகுதி உண்டு.

4. 2019இல் இந்து திருமணச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டம் உள்ளிட்ட ஐந்து சட்டங்களில், தொழுநோய் விவாகரத்துக்கும், கணவருக்கு நோய் இருந்தால் மனைவி ஜீவனாம்ச உரிமையோடு பிரிந்து வாழ்வதற்கும் காரணமாகலாம் என்று இருந்ததை நீக்கினார்கள்.

அதாவது மாத்திரையால் குணமாகும் நோய் என்று 1980களிலேயே தெரிந்த பிறகும், 2019 தொடக்கம்வரை அதைக் காட்டி விவாகரத்து கேட்க முடிந்தது. பல மாநிலச் சட்டங்களில் இப்படிப்பட்ட பிரிவுகள் இன்னும் இருக்கின்றன.

அளந்தால் என்ன மாறும்?

அரசின் இப்போதைய தொழுநோய்த் திட்டம் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு எண்கள்: எத்தனை புதிய நோயாளிகள், அவர்களில் எத்தனை பேருக்குக் கண்டறியும்போதே கண்ணுக்குத் தெரியும் ஊனம், அதாவது தரம் 2 ஊனம், இருந்தது. இரண்டும் அவசியம். ஆனால் இரண்டுமே முதல் நாளோடு முடிந்துவிடும் எண்கள். ஐந்து வருடம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டால்தான் கீழே உள்ளவை தெரியவரும்.

1. இழப்பது எப்போது. கண்டறிந்த அன்று தரம் 0 ஆக, அதாவது ஊனமே இல்லாமல் இருந்தவர் பிறகு தரம் 2 ஆனால், ரியாக்‌ஷன் நேரத்தில் அவரை யாரும் பார்க்கவில்லை என்று பொருள். சிகிச்சை முடிந்த பிறகும் நரம்பைத் தொட்டுப் பார்க்கும் ஆள் ஊரளவில் தேவை.

2. செலவு எங்கே போக வேண்டும். உடல் மதிப்பெண் சுமாராக இருந்து பங்கேற்பு மதிப்பெண் மோசமாக இருந்தால், இன்னொரு அறுவை சிகிச்சை முகாமைவிட ஊர்க் கூட்டமும் வேலைவாய்ப்பும்தான் பலன் தரும். விரல் நிமிர்ந்தவரைக்கூட டீக்கடையில் தனி கிளாஸில் குடிக்கச் சொன்னால் நிமிர்ந்த விரலுக்கு என்ன பயன்?

3. மனநலம். தொழுநோய்ப் பிரிவில் தோலையும் நரம்பையும் பார்ப்பார்கள், தூக்கம் வருகிறதா என்று கேட்பவர் குறைவு. 26 கேள்விகளில் அந்தக் கேள்வி இருக்கிறது, கேட்கச் சில நொடிகள் போதும்.

4. வீட்டோடு வைத்துப் பார்க்கும் சிகிச்சையின் பலன். 1955இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பொலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஹெமரிக்ஸ் ஆஸ்பத்திரிக்குள் அடைக்காமல் ஊர் ஊராகப் போய் மரத்தடியில் மருந்து கொடுத்தார். வேலையும் குடும்பமும் கையைவிட்டுப் போகாமல் வைத்தியம் பார்க்க முடியும் என்று அது காட்டியது. வேலூர் அருகே கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியதும், செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த பழைய தொழுநோய் மருத்துவமனை மத்திய ஆராய்ச்சி நிலையமானதும் அதே 1955இல்தான். எழுபது வருட அனுபவம் இங்கேயே இருக்கிறது.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இது பொருந்தினால், நேரடியாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், கூட்டு மருந்து இலவசம். முன்பே மாத்திரை முடித்தவருக்குத் திடீரென்று தேமல் சிவந்தாலோ, முழங்கை நரம்பில் வலி எடுத்தாலோ, செருப்பு காலைவிட்டுக் கழன்றதே தெரியாமல் நடந்து வந்துவிட்டாலோ, கண்ணை இறுக்கி மூடச் சொன்னால் இடைவெளி தெரிந்தாலோ, வாரக்கணக்கில் காத்திருக்காமல் உடனே போக வேண்டும். சிகிச்சை முடிந்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் போகலாம். பழைய சிகிச்சை அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், தொலைந்திருந்தாலும் தயங்க வேண்டாம்.